பத்தும் ஒன்றாகப் பழசாக வேண்டும்

அவள் முன்னால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் கை வந்துவிடும். பேச்சு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்; காலர் நுனி அவளுடைய கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும். இரண்டு தேய்ப்பு. "ரெண்டு தண்ணி தாங்கும் ஸ்டோரு. மூணாவதுல தொங்கிடும்." தீபாவளிக்கு எடுத்த சட்டை அது. கோவில்பட்டியில் மச்சான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது. அவள் சொன்னபடியே மூன்றாவது துவையலில் காலர் தொங்கியது. எனக்கு அவள் மேல் வந்த முதல் எரிச்சல் அதுதான்.

எங்கள் ஷெட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. பார்க்கிற வேலைதான் பெயர். வெட்டுகிறவர் கட்டிங். தைக்கிற பெண்கள் ஐந்து பேருக்கும் அவரவர் மெஷின் நம்பர். சரக்கறையைப் பார்த்துக்கொண்ட நான் ஸ்டோர். எந்தப் பாய்க்கு எந்தத் துணி என்று முடிவு செய்வதும், தைத்து முடிந்த பாயைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. அதனால் துணி மேடம். மேடம் என்றதும் பெரிய படிப்பு, நரைத்த தலை என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். படப்பையிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் வீடு, வீட்டை ஒட்டி சர்ச். இதற்கு முன்பு கார் மோதினால் விரிகிற காற்றுப்பை தைக்கிற ஒரு கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் துணி வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லி லைனையே நிறுத்திவிட்டாளாம். லேப் சோதனையில் எல்லாம் சரி என்று வந்ததாம். மறுமாதம் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தமோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை. லேப்காரர்கள் எந்த மூலையில் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளின் மதில்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட வாடகை ஷெட்டில், நாங்கள் பந்தயப் படகுகளுக்குப் பாய் தைத்தோம். கடல் அங்கிருந்து எங்கேயோ இருந்தது. தைத்தவர்களில் ஒருவர்கூடப் பாய்மரப் படகில் ஏறியதில்லை, நானும் இல்லை. துணியில் மண் படக் கூடாது என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். தரையில் குழி வெட்டித் தையல் மெஷின்களை இறக்கியிருந்தார்கள். பெண்கள் குழிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். பாய் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு அவர்கள் கைக்குப் போகும்.

இத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸை இடது கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவாள். எலுமிச்சை சோற்றில் ஒரு வாய், குழிக்குள் எட்டி ஒரு பார்வை, மறுபடி ஒரு வாய். ஒரு சனிக்கிழமை நானும் அவளும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். பக்கவாட்டில் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடத்தது. எங்களுக்கு அது ஒரு சத்தம். அவள் எழுந்து குனிந்தபடியே அதை அவிழ்த்துக் கட்டினாள். சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இன்னாம்மா, வண்டியைப் பிரிச்சிக்கினு வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடுவியா என்று கேட்டார். கீழ்க் கயிறு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் துணி கிழியாது என்று அவள் அவருக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தாள்.

ஒரு முடிவை எடுத்துவிட்டால் மனிதர்களுக்கு நிம்மதி வரும். அவளுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். இன்ன துணி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். பத்து நிமிடத்தில் சரக்கறை வாசலில் நிற்பாள். "இன்னொரு வாட்டி பாத்துடலாம் ஸ்டோரு." பரணில் ஏற்றிய ரோலை நான் மறுபடி இறக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு நான்கு தடவை. வெறுத்துப்போய் ஒருமுறை, உங்களுக்கு ஒரு ரோலை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன், போர்த்திக்கொண்டு படுங்கள் என்றேன். கேலி என்று அவளுக்குப் புரியவே இல்லை. போர்த்திக்கொண்டால் உடம்புச் சூட்டில் துணியில் ஏற்றிய பசை இளகுமே என்று யோசித்தாள்.

கிளப் ஆர்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். சென்னையில் படகுப் பந்தயம் நடத்துகிற ஒரு கிளப். அவர்களிடம் பத்துப் படகுகள். பத்தும் ஒரே அச்சு. உடல், மரம், கயிறு எதிலும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் சட்டம். படகு ஒன்றுபோல இருந்துவிட்டால் ஓட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனம் மட்டும்தான் ஜெயிக்கும். இன்னும் சந்தேகம் வரக் கூடாது என்று, பந்தயத்தன்று காலையில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் படகு என்று முடிவு செய்வார்கள். அந்தப் பத்துக்கும் புது முன்பாய் கேட்டார்கள். பாய்மரத்துக்கு முன்னால் முக்கோணமாக நிற்பது முன்பாய். படகு திசை மாறும்போதெல்லாம் அது மரத்தில் அறைபட்டுக்கொண்டுதான் மறுபக்கம் போகும். அதனால் பெரிய பாயைவிட அது சீக்கிரம் நைந்துபோகும்.

சட்டம் மூன்று வகைத் துணிக்கு இடம் கொடுத்தது. ஒன்று, நூலை நடுவில் வைத்து இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியது. கண்ணாடித்தாள் மாதிரி மின்னும். மற்ற இரண்டும் நெய்த பாலியஸ்டர். நெய்ததும் அதற்கு ஒரு பசை ஏற்றுவார்கள், எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் கஞ்சி. கஞ்சி நிறைய ஏற்றினால் துணி விறைப்பாக நிற்கும், அளவாக ஏற்றினால் கொஞ்சம் குழைவாக இருக்கும். முதலாளிக்கு பிலிம் மேல்தான் ஆசை. அவர் இளவயதில் படகு ஓட்டியவர். எடை குறைவு, இழுத்தாலும் நீளாது, சின்னக் காற்றுக்கே வடிவம் பிடிக்கும், பார்க்கவும் பந்தயப் பாய் மாதிரி இருக்கும் என்று அடுக்கினார்.

எல்லாவற்றையும் அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு, பந்தயம் முடிந்ததும் அந்தப் பாயை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சுருட்டி வைப்பார்கள் என்றார் முதலாளி. ஒருத்தர் சுருட்டுவார், இன்னொருத்தர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பையில் திணிப்பார் என்றாள் அவள். திணித்த இடத்தில் பிலிம் மடிந்து வெடிக்கும், உப்பும் வெயிலும் சேர்ந்தால் உரியும். விறைத்த கஞ்சியும் அப்படித்தான், ஒரு படகில் ஒரு மாதத்தில் உடையும், இன்னொன்றில் நாலு மாதம் நிற்கும். அப்புறம் குலுக்கல் எதற்கு?

"எது வேகம்னு கேக்காதீங்க சார். பத்தும் வேகமா போனா இன்னா, மெதுவா போனா இன்னா. பத்தும் ஒண்ணா பழசாவணும், அவ்ளோதான்."

படகு ஓட்டிய முதலாளிக்கே இது தோன்றவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அளவான கஞ்சித் துணி என்று முடிவானது. ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் நெய்து கஞ்சி ஏற்றியதில், இரண்டு ரோல் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. பத்துப் பாய்க்குத் துணி போக ஒன்றரை மீட்டர் மிஞ்சும் என்று நான் ரெஜிஸ்டரில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அவளுக்குத்தான் முடிவான பிறகு தூக்கம் வராதே. தினமும் ரோலிலிருந்து ஒரு துண்டு வெட்ட ஆரம்பித்தாள். ஒரு துண்டை கம்பெனி வேனின் கண்ணாடியில் கட்டி, ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே படபடக்க விட்டாள். ஒன்றை உப்புத் தண்ணீர் வாளியில் ஊற வைத்தாள். ஒன்றை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் முடியும்வரை கைக்குள் கசக்கிக்கொண்டிருந்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியதாகச் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். எழுதுகிறேன் என்பாள். நான் சாப்பிடப் போயிருக்கும்போது கத்தரிக்கோலோடு வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சரக்கறை ஒழுங்காக இருப்பது ஒன்றுதான் எனக்கு அந்த ஊரில் பெருமை. வாடகை அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்து வருகிறவனுக்கு, தான் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பது பெரிய விஷயம். அதில் கை வைத்தாள்.

ஒன்பது பாய் வெட்டி முடிந்ததும் கட்டிங் வந்து, அடுத்த ரோல் எங்கே என்று கேட்டார். அடுத்த ரோல் இல்லை. அட்டைக் குழாயில் சுற்றியிருந்தது அரைப் பாய்க்குக்கூடக் காணாது. பத்தாவது பாயை அவள் துண்டு துண்டாக வெட்டி வேன் கண்ணாடியிலும் வாளியிலும் போட்டிருந்தாள். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. புதுத் துணி கப்பலில் வர ஒன்றரை மாதம் ஆகும். ஸ்டாக் குறைந்தால் யாரைக் கேட்பார்கள்? ஸ்டோரைத்தான் கேட்பார்கள்.

பரணில் ஒரு பழைய ரோல் கிடந்தது. அதே கம்பெனி, அதே கனம், அதே வெள்ளை. ஏதோ ஒரு பழைய ஆர்டரில் மிஞ்சியது, கஞ்சி வேறு. அவளைப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் நான் கடுப்பில் இருந்தேன். துணியைத் தடவித் தடவியே இந்தப் பாடு படுத்துகிறாளே, வெள்ளைத் துணி வெள்ளைத் துணிதானே என்று இருந்தது. பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, ஒரு டேப்பை ஒட்டி, அதில் புது லாட் நம்பரை என் கையாலேயே எழுதிக் கட்டிங்கிடம் கொடுத்தேன். ரெஜிஸ்டரிலும் அப்படியே எழுதினேன். கணக்கு நேரானது.

பாய் தைத்து முடிந்ததும் அடிமூலையில் சின்ன வெள்ளைத் துண்டு ஒன்றைத் தைத்து, அதில் அழியாத பேனாவால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் பத்தையும் தரையில் வரிசையாக விரித்து, வெறுங்காலில் நடந்தபடி ஒவ்வொரு மூலையாகக் கசக்கிக்கொண்டு வந்தாள். பத்தாவதில் நின்றாள். ஒன்பதாவதுக்குப் போனாள். திரும்பி வந்தாள். நான் சரக்கறைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது வேற, என்றாள். யாருக்கும் புரியவில்லை. முதலாளி வந்து தொட்டுப் பார்த்தார். கட்டிங் தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அவள் மூன்றாம் மெஷின் பெண்ணின் துப்பட்டாவை வாங்கித் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். மாற்றி மாற்றி மூலைகளைக் கையில் கொடுக்கச் சொன்னாள். மூன்று தடவையும் பத்தாவதையே எடுத்தாள். குழிக்குள் இருந்த பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு ரெஜிஸ்டரைக் கொண்டு வரச் சொன்னார்.

ரெஜிஸ்டரில் எல்லாம் ஒரே லாட்டாக இருந்தது. முதலாளி அதை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, போதும்மா, சாயங்காலம் வண்டி வருகிறது என்று சொல்லிப் போய்விட்டார். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சரக்கறைக்கு வந்தாள்.

"ஸ்டோரு, நீங்க சொல்லுங்க. உங்க கையால எடுத்துக் குடுத்தீங்க இல்ல? அதே ரோலா?"

"அதே ரோலுதான் மேடம். எழுதியிருக்குல்லா."

"நெசமா?"

"நான் எதுக்கு உங்ககிட்ட பொய் சொல்லப் போறேன்."

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவள் தன் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு போய்ப் பத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளிடம் அந்த மாற்றம் வந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் அது சந்தோஷம். துணி மேடம் திருந்திவிட்டது என்றார்கள். ரோலை ஒரு தடவை இறக்கினால் போதும். துண்டு வெட்டவில்லை. கேட்காமலே சீட்டு எழுதிக் கொடுத்தாள். மத்தியானம் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என் சட்டைக் காலர் பக்கம் கையே வரவில்லை. ஆறு மாதமாக நான் எதைக் கேட்டுச் சண்டை போட்டேனோ அதெல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் சரக்கறையில் நிற்க முடியவில்லை.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. புதுத் துணி வந்தால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவாள். நீங்கள் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்பாள். எனக்கென்ன தெரியும்? லுங்கித் துணிக்கும் பாய்த் துணிக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். நானும் பெரிய மனிதன் மாதிரி தேய்த்துப் பார்த்து, நல்லா இருக்கு என்பேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போடுவாள். அவள் கையை அவளே நம்பாமல், பொய் எழுதிய கையை நம்பினாள்.

மூன்று மாதம் கழித்து கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. பத்தாம் எண் படகு யாருக்கு விழுந்தாலும் அவர் கடைசியாகத்தான் வருகிறார். போன வருடம் ஜெயித்தவருக்கும் அதே கதி. படகின் அடியைச் சுரண்டிப் பார்த்தார்களாம், மரத்தை அளந்தார்களாம். கடைசியில் அதன் முன்பாயைக் கழற்றி ஆறாம் எண் படகில் கட்டினார்களாம்; இப்போது ஆறாம் எண் கடைசி. பாய்தான் கோளாறு, காற்று கொஞ்சம் ஏறினாலே இழுபட்டு வயிறு தொங்குகிறது என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்குத் தன் பழைய ஆசை ஞாபகம் வந்தது. பிலிம் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, நெய்த துணிதான் வேண்டும் என்று நின்றது யார், கையெழுத்து யாருடையது என்றார். தன் கைதான் தப்பு என்று அவள் சொன்னாள். மறுநாளிலிருந்து அவளைப் பேக்கிங்குக்குப் போடச் சொன்னார். துணி மேடம் பேக்கிங் ஆனாள். அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்கத் தலை நிமிராமல் இருந்தாள். அவள் ஒட்டிய டேப்பை எல்லாம் நான்தான் சரக்கறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பதினோரு நாள் தாங்கினேன். நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பதினோரு நாள் பேசாமல் இருந்தவன் எப்படி நல்லவனாக முடியும்? பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும், ஒரகடம் ஜங்ஷனில் படப்பை ஷேர் ஆட்டோவுக்காக நின்றவளிடம் போய், பழைய ரோல், டேப், லாட் நம்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் வெட்டிய துண்டுகளால்தான் துணி குறைந்தது என்பதையும் விடாமல் சேர்த்துக்கொண்டேன். அப்போதும் என் தப்புக்கு ஒரு பங்காளி வேண்டியிருந்தது.

ஒரு ஆட்டோ வந்து போனது. இன்னொன்றும் போனது. அவள் ஏறவில்லை.

"அப்ப மூணு வாட்டியும் கரீட்டாதான் எடுத்தேனா?"

"ஆமா மேடம்."

சிரித்தாள். திட்டுவாள், அழுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அந்தச் சிரிப்புக்குத் தயாராக இல்லை. வேலை போய்விட்டது என்று பயந்தவன் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வேலையைப் பற்றி நினைக்கவில்லை. என்ன காரியம் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. சிரிப்பு எப்படி வந்ததோ அப்படியே நின்றது.

"அந்தப் பாயி இப்ப எங்க கீது?"

படகில்தான் இருக்கிறது, வேறு பாய் இல்லாததால் இன்னும் அதைக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள் என்றேன்.

"யாரோ ஒருத்தரு அதைப் புடிச்சிக்கினு தோத்துக்கினே கீறாங்க. நீங்க இங்க வந்து என்னாண்ட கதை சொல்லிக்கினு நிக்கிறீங்க. போங்க, போயி சார்கிட்ட சொல்லி அதைக் கீழ எறக்குங்க."

அவளுடைய வேலையைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஜங்ஷனிலிருந்து ஷெட்டுக்குத் திரும்ப நடந்தேன். முதலாளி கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. மாதக் கடைசி வரை இரு, அப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். மறுநாள் அவளைப் பழைய வேலைக்குக் கூப்பிட்டார். கிளப்புக்கும் உண்மையை எழுதினார். அந்த விஷயத்தில் அவர் பெரிய மனிதர்தான்.

அதே வகைத் துணி ஒரு ரோல் அவசரமாக விமானத்தில் வந்தது. ஒரே நாளில் வெட்டித் தைத்தாகிவிட்டது. உடனே அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. அவள் முடியாது என்றாள். மற்ற ஒன்பதும் நாலு மாதம் காற்றில் அடிபட்டு இளகிவிட்டன; இதைப் புதுசாகக் கட்டினால் பத்தாம் எண் எல்லோரையும் முந்தும், தோற்கவைத்தது தப்பு என்றால் ஜெயிக்கவைப்பதும் தப்புதான் என்றாள். கிளப்பிலிருந்து நாலாம் எண் பாயை மாதிரிக்கு வரவழைத்தாள். புதுப் பாயை அந்த அளவுக்குப் பழசாக்க வேண்டும் என்றாள்.

ஆள் வேண்டும் என்றாள். மாதக் கடைசி வரை சும்மா இருக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

ஷெட்டுக்குப் பின்னால் லாரி திரும்புகிற வெட்டவெளி உண்டு. அங்கே ஒரு இரும்புக் குழாயை நட்டோம். மத்தியானக் காற்றில் பாயை ஒருபுறம் அவளும் மறுபுறம் நானும் கயிற்றால் பிடித்து, குழாயில் அறைந்து இந்தப் பக்கம், அறைந்து அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி இழுத்தோம். நூறு ஆனதும் உப்புத் தண்ணீர் தெளிப்பாள். பிறகு பையில் திணிப்போம். திணிப்பதை என்னிடம் விட்டாள், அவசரமாகத் திணிக்க எனக்குத்தான் வரும் என்று. பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி மதில் ஓரமாக நின்று, புத்தம் புதுத் துணியை எதற்குச் சாகடிக்கிறோம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். என் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் வழன்றுவிட்டது. அவள் ஓடிப்போய் நாலாம் எண் பாயைக் கசக்குவாள், ஓடிவந்து இதைக் கசக்குவாள், இன்னும் இல்லை என்பாள். அடிமூலை சரியாக வந்தால் மேல்முனை விறைப்பாக இருக்கும். மேல்முனை வந்தால் நடுவில் விறைப்பு இருக்கும். அவள் அப்படி அங்குமிங்கும் அலைவதைப் பார்க்க எனக்குச் சொல்ல முடியாத ஆறுதலாக இருந்தது. எங்களுக்குள் பேச்சு மட்டும் இல்லை. கயிற்றை இழு, கயிற்றை விடு, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் மத்தியானம் என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். இரண்டு மூலைகளை என் இரண்டு கையிலும் கொடுத்தாள். எது புதுசு என்று கேட்டாள்.

தேய்த்தேன். வழன்ற விரலில் இரண்டும் எரிந்தன. இடது என்று அடித்துவிடலாம், வலது என்றும் அடித்துவிடலாம்.

"தெரியல மேடம்."

கண்ணைத் திறந்தபோது அவளும் அதே இரண்டு மூலைகளைப் பிடித்திருந்தாள்.

"எனக்கும் தெரியல," என்றாள்.

பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். என் கையிலிருந்த மூலையை இழுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு, குனிந்து கையெழுத்துப் போட்டாள். நிமிராமலே பேசினாள்.

"நெசத்தை சொல்ல முடியாட்டி, அன்னிக்கும் தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம் ஸ்டோரு. நான் என் கையை நம்பியிருப்பேன்."

மை காயும்வரை துணி மடியக் கூடாது. நான் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.